உங்கள் அப்பா அம்மா சொந்தமா என்று டாக்டர் ஏன் கேட்டார்?

கொரட்டூர்காரி:

மூன்று நாளாக ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது. இங்கே விலங்கியல் படித்தவர்களும் லேபில் வேலை செய்பவர்களும் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். எனக்கு 31 வயது, அவருக்கு 34. கல்யாணமாகி ஆறு வருடம். ஐவிஎஃப் மூன்று தடவை ஆகிவிட்டது, இரண்டு வேறு வேறு மருத்துவமனைகளில். மூன்று தடவையும் ஒரே கதை. முட்டை நிறைய வருகிறது, முதல் தடவை 11. கருவும் ஆகிறது. இரண்டாம் நாள் போன் செய்து "நல்லா இருக்கு மேடம்" என்கிறார்கள், மூன்றாம் நாள் காலையில் அதே குரல் கொஞ்சம் இறங்கி வருகிறது. எல்லாமே மூன்று செல், நான்கு செல்லில் அப்படியே நின்றுவிட்டதாம். ஒன்றுகூட ஐந்தாம் நாளைப் பார்த்ததில்லை. முதல் இடத்தில் காரணம் கேட்டதற்கு "பேட் லக்" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் அடுத்த பேக்கேஜின் விலையைச் சொன்னார்கள்.

போன வாரம் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ஃபைலைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டதே "அப்பா அம்மா சொந்தமா?" என்றுதான். நான் அவசரமாக, "இல்லை மேடம், எங்களுடையது லவ் மேரேஜ், அவர் ஊர் கும்பகோணம், எங்களுக்குள் ஒரு சொந்தமும் கிடையாது" என்றேன். "உங்களைக் கேட்கலம்மா, உங்களைப் பெத்தவங்களைக் கேட்கிறேன்" என்றார். ஆமாம், எங்கள் அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனைத்தான். அவர் தலையை ஆட்டிவிட்டு "மெட்டர்னல் எஃபெக்ட் ஜீன்" என்று ஏதோ எழுதி, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு கொடுத்தார். அதற்குள் வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சொந்தத்தில் கட்டினால் பிறக்கிற பிள்ளைக்குத்தானே பிரச்சினை என்பார்கள்? அந்தப் பிள்ளை நான். எனக்கு சுகர் இல்லை, தைராய்டு இல்லை, பீரியட்ஸ் கடிகாரம் மாதிரி வரும். அதே அப்பா அம்மாவுக்குப் பிறந்த என் அண்ணனுக்கு இரண்டு குழந்தைகள். எங்கேயோ பிறந்த பிரச்சினை என்னைத் தாண்டிப் போய் என் கருவில் எப்படி உட்காரும்? அதுவும் அந்தக் கருவில் பாதி அவருடையது, சம்பந்தமே இல்லாத ரத்தம். நான் பி.காம்., கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். அம்மா வேறு இதைக் காதில் வாங்கிவிட்டு இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை.

டோக்கன் 47:

ஜீன் டெஸ்ட் என்பது இப்போது வந்திருக்கிற புது வசூல். உங்கள் கணவருடைய விந்தணுவில் டிஎன்ஏ சிதைவு பார்த்தார்களா? முதலில் அதைக் கேளுங்கள். நம் ஊரில் குழந்தை இல்லை என்றால் பெண்ணைத்தான் கூண்டில் ஏற்றுவார்கள், இப்போது அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் கண்டுபிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கருவில் பாதி அப்பா, பாதி அம்மா. பள்ளிக்கூடத்திலேயே படித்தோமே.

ஈ வாத்தியார்:

47 சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, விந்தணுவையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் "பாதி பாதி" என்பது குரோமோசோம் கணக்கில் மட்டும்தான் சரி. சாமான் கணக்கில் பார்த்தால் விந்தணு ஒரு மஞ்சள் பையோடு வந்து இறங்குகிற ஆள். வீடு, அரிசி பருப்பு, அடுப்பு, விறகு எல்லாம் முட்டைக்குள் முன்பே இருக்கிறது. மனித முட்டை சுமார் 0.1 மில்லிமீட்டர், பார்வை நன்றாக உள்ளவருக்கு வெறும் கண்ணிலேயே ஒரு புள்ளியாகத் தெரியும்.

அம்மா, உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கரு உண்டானதும் தன் மரபணுக்களைத் திறந்து வாசிக்க ஆரம்பித்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அது அப்படிச் செய்வதில்லை. நான்கிலிருந்து எட்டு செல் ஆகும்வரை, அதாவது கிட்டத்தட்ட மூன்றாம் நாள்வரை, புத்தகத்தை மூடியேதான் வைத்திருக்கிறது. 1988இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் பிரௌடும் அவருடன் இருந்தவர்களும் இதைக் காட்டினார்கள். 2022இல் வந்த ஆய்வு ஒன்று முதல் செல்லிலேயே மெல்ல முணுமுணுப்பு ஆரம்பித்துவிடுகிறது என்றது, ஆனாலும் பெரிய சத்தம் கேட்பது எட்டு செல் பக்கம்தான். அதுவரை கரு எதை வைத்துப் பிழைக்கிறது? அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றை வைத்து. முட்டை சூலகத்துக்குள் முதிரும்போதே புரதங்களையும், புரதம் செய்வதற்கான குறிப்புச் சீட்டுகளான தூது ஆர்என்ஏக்களையும் மூட்டை கட்டி வைத்துவிடுகிறது. கட்டுவது முழுக்க அம்மாவின் மரபணுக்கள். கட்டுகிற நேரத்தில் அப்பா யாரென்றே தெரியாது. கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு வரும் என்பார்களே, இங்கே சுமார் மூன்று நாளைக்கு.

இந்த மூட்டையில் போகிற சாமானைச் செய்கிற மரபணுக்களைத்தான் உங்கள் டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறார். தமிழில் தாய் விளைவு மரபணு என்று சொல்லலாம். பொதுவாக ஒரு மரபணு நம்மிடம் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக இருக்கும். இந்தத் தாய் விளைவு மரபணுக்களில் ஒன்றின் இரண்டு பிரதியும் உங்களுக்குப் பழுது என்று வைத்துக்கொள்வோம். வைத்துக்கொள்வோம் என்றுதான் சொல்கிறேன். உங்கள் அப்பாவைப் பெற்ற தாத்தாவோ பாட்டியோ ஒரு பழுதான பிரதியை வைத்திருந்திருப்பார். அது உங்கள் அப்பாவுக்கு நேராகவும், உங்கள் அம்மாவுக்கு அவருடைய அம்மா வழியாகவும் இறங்கி, உங்களிடம் வந்து ஜோடி சேர்ந்திருக்கும். தாய்மாமன் கல்யாணத்தில் பிறந்தவரிடம் எந்த மரபணுவை எடுத்தாலும் அதன் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையின் நகலாக இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று.

அப்படியானால் நீங்கள் ஏன் நன்றாகப் பிறந்தீர்கள் என்றால், உங்களுடைய மூட்டையைக் கட்டியது நீங்கள் இல்லை, உங்கள் அம்மா. அவரிடம் ஒரு நல்ல பிரதி இருந்தது, அது போதும். பிறந்த பிறகு உங்கள் கல்லீரலுக்கோ மூளைக்கோ இந்த மரபணு பெரிதாக வேலை வைப்பதில்லை, அதனால் 31 வருடம் ஒன்றும் தெரியவில்லை. அண்ணனுக்கும் அதே இரண்டு பழுது இருக்கலாம், ஆனால் அவர் மூட்டை கட்டுகிற ஆள் இல்லையே! அவர் பிள்ளைகளின் மூட்டையைக் கட்டியது உங்கள் அண்ணி. உங்கள் கணவரின் நல்ல பிரதியும் உங்கள் கருவுக்குள் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது திறக்கிற நாளுக்குள் சோறு தீர்ந்துவிடுகிறது. அதனால்தான் உங்கள் டாக்டர் உங்கள் கல்யாணத்தை விட்டுவிட்டு உங்கள் பெற்றோரின் கல்யாணத்தைக் கேட்டார். கேட்கத் தெரிந்த டாக்டர் என்பேன்.

இது எப்படித் தெரிந்தது என்றால், ஈயால். வாழைத்தார் கனிந்தால் மொய்க்குமே, கொசுவை விடக் கொஞ்சம் குண்டாக, சிவப்புக் கண்ணோடு, அந்தப் பழ ஈ. கல்லூரியில் இருபத்தாறு வருடம் நான் இதை வளர்த்திருக்கிறேன். மைசூர் பல்கலைக்கழகத்து ஈ வங்கியிலிருந்து வாங்கி வந்து, ரவை, வெல்லம், அகர் போட்டுக் கிண்டி, பூஞ்சை வராமல் இருக்க புரோபியோனிக் அமிலம் சில சொட்டு விட்டு, பாட்டிலில் ஊற்றி ஆற வைப்போம். அந்த வராந்தா முழுக்க கேசரி வாசனை அடிக்கும், புதிதாகச் சேர்ந்த பையன்கள் ஏமாந்துபோவார்கள். அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போனால் ஒரு மத்தியானத்தில் மொத்தக் கூட்டமும் போய்விடும், அது தனிச் சோகம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதன் முட்டை அரை மில்லிமீட்டரில் பச்சரிசி மாதிரி, தலைப்பக்கம் இரண்டு கொம்போடு இருக்கும். அந்த ஓட்டையும் கொம்பையும் செய்வது தாயின் செல்கள். உள்ளே முட்டையோடு ஒட்டிக்கொண்டு பதினைந்து செவிலிச் செல்கள் இருந்து சரக்கை ஊட்டுகின்றன. அதில் பைகாய்டு என்ற மரபணுவின் ஆர்என்ஏ முட்டையின் முன்முனையில் போய் ஒட்டிக்கொள்கிறது. முட்டை வெளியே வந்ததும் அதிலிருந்து புரதம் உண்டாகி, முன்னால் கெட்டியாகவும் பின்னால் போகப்போக நீர்த்தும் பரவும். எங்கே கெட்டியோ அங்கே தலை. 1988இல் டிரீவரும் நூஸ்லைன் ஃபோல்ஹார்டும் இதைக் காட்டினார்கள்.

பைகாய்டு இரண்டு பிரதியும் பழுதான பெண் ஈ நன்றாகப் பறக்கும், தின்னும், முட்டையிடும். ஆனால் அது இடுகிற முட்டைகளில் தலை வராது, தலை வரவேண்டிய இடத்தில் வால் பக்கத்து உறுப்புகள் வரும். எந்த ஊர் ஆண் ஈயோடு சேர்த்தாலும் அதே கதிதான். அதே பழுதுள்ள ஆண் ஈயை நல்ல பெண் ஈயோடு சேர்த்துப் பாருங்கள், பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இருக்காது. நீங்களும் உங்கள் அண்ணனும் இதுதான். ஈயின் கருவளர்ச்சியை இப்படி மரபணு மரபணுவாகப் பிரித்துப் பார்த்ததற்காகத்தான் 1995இல் நூஸ்லைன் ஃபோல்ஹார்டுக்கும் எரிக் வீஷாஸுக்கும் எட்வர்ட் லூயிஸுக்கும் நோபல் கொடுத்தார்கள். ஒன்று மட்டும், மனிதனுக்கு பைகாய்டு கிடையாது. நம் முட்டையில் தலை எங்கே வால் எங்கே என்று முன்கூட்டிக் கோடு போட்டு வைப்பதில்லை. மூட்டை கட்டுகிற வழக்கம் பொது, மூட்டைக்குள் இருப்பது வேறு வேறு.

இதற்கும் பழைய கதை நத்தை. குளத்து நத்தையில் ஓடு வலப்பக்கம் சுற்றுமா இடப்பக்கம் சுற்றுமா என்பதைத் தாயின் மரபணு தீர்மானிக்கிறது, நத்தையின் சொந்த மரபணுவுக்கு அதில் வாக்குரிமையே இல்லை. தன்னுடையது எந்தப் பக்கம் என்பது அதன் பிள்ளைகளின் ஓட்டில்தான் தெரியும். 1923இலேயே ஸ்டர்டெவன்ட் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். நாம் வலம்புரிச் சங்கு என்று கண்ணில் ஒற்றிக்கொள்வதை விலங்கியலில் இடச்சுற்று என்பார்கள், அவர்கள் பிடிக்கிற விதம் தலைகீழ். அது வேறு பேச்சு.

இன்குபேட்டர் அக்கா:

வாத்தியார் சார் சொன்னது சரி. ஆனால் தங்கச்சி, அதற்குள் நீ தீர்ப்பு எழுதிவிடாதே. நான் பன்னிரண்டு வருடமாகக் கருவியல் லேபில் இருக்கிறேன், இந்த ஊரில்தான். மூன்றாம் நாள் காலையில் போன் செய்கிற அந்தக் குரல்களில் நானும் ஒருத்தி.

எங்களுக்கு அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். விந்தணுவைச் சேர்த்து 16, 18 மணி நேரம் கழித்துத் தட்டை வெளியே எடுத்துப் பார்ப்போம், முட்டைக்கு நடுவில் இரண்டு வட்டம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒன்று அம்மாவுடையது, ஒன்று அப்பாவுடையது. இருந்தால் கரு ஆயிற்று. இரண்டாம் நாள் நான்கு செல், மூன்றாம் நாள் எட்டு, நான்காம் நாள் முசுக்கட்டைப் பழம் மாதிரி ஒன்றோடொன்று அழுந்திக்கொள்ளும், ஐந்தாம் நாள் உள்ளே நீர் சேர்ந்து உப்பும். நிற்கிற கரு வெடிப்பதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. நேற்று விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். சில சமயம் ஓரத்தில் சிறு சிறு துணுக்காக உதிர்ந்திருக்கும். தட்டைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு மத்தியானம் ஒரு தடவை பார்ப்போம், ஏதாவது அசைந்திருக்குமா என்று. பெரும்பாலும் இருக்காது. அப்புறம்தான் போனை எடுப்போம்.

நல்ல வயதில் நல்ல முட்டை என்றாலும் கருவானதில் ஏறக்குறைய பாதிதான் ஐந்தாம் நாளுக்குப் போகும். நிற்பதில் பெரும்பங்கு குரோமோசோம் எண்ணிக்கை பிசகியதால், அது தற்செயல், அடுத்த தடவை மாறும். லேபின் கோளாறாகவும் இருக்கலாம்: வெப்பம் 37 டிகிரியிலிருந்து நகர்ந்திருக்கலாம், காற்றுக் கலவை தவறியிருக்கலாம். ஒரே இடத்தில் மூன்று தடவை நின்றிருந்தால் நான் முதலில் அந்த லேபைத்தான் சந்தேகப்படுவேன். உன் விஷயத்தில் இரண்டு லேப், மூன்று தடவை, எல்லாக் கருவும், ஒரே கட்டத்தில். இதைப் பார்த்துத்தான் அந்த டாக்டர் கேட்டிருப்பார்.

மனிதரில் இந்தப் பட்டியல் நீள ஆரம்பித்தே பத்துப் பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது. எலியில் 2000இல் மேட்டர் என்ற மரபணுவைக் கண்டார்கள், அது இல்லாத பெண் எலியின் கரு இரண்டு செல்லில் நின்றுவிடும், ஆண் எலிக்கு ஒன்றும் ஆகாது. எலிக் கரு தன் புத்தகத்தைத் திறப்பதும் இரண்டு செல்லில்தான் என்பதைக் கவனி. மனிதரில் அதற்குப் பெயர் என்எல்ஆர்பி5. அதுவும் இன்னும் சில புரதங்களும் சேர்ந்து முட்டையின் தோலுக்கு உட்புறம் ஒரு கூட்டணியாக ஒட்டியிருக்கும். அந்தக் கூட்டணியில் டிஎல்இ6 பழுதான பெண்களைப் பற்றி 2015இல் சவுதி அரேபியாவிலிருந்து எழுதினார்கள், அங்கேயும் சொந்தக் கல்யாணம் அதிகம். பிஏடிஐ6 2016இல் வந்தது. அது பழுதானால் கரு இரண்டிலிருந்து ஐந்து செல்லுக்குள் நின்றுவிடும். உன் ஃபைலைப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கூட்டம்தான், ஆனால் நினைவுக்கு வருவது வேறு, ரிப்போர்ட் வேறு.

சொந்தக் கல்யாணம் இல்லாவிட்டாலும் இது வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உன் அம்மாவைப் போட்டு வறுத்துவிடுவார்கள். டியூபிபி8 என்று ஒன்று, 2016இல் வந்தது. அதில் ஒரே ஒரு பிரதி பழுதானாலே முட்டை முதிராமல் நின்றுவிடும். அது மகளுக்கு அப்பாவிடமிருந்து வந்த குடும்பங்கள் பல. அது முட்டையில் மட்டுமே வேலை செய்கிற மரபணு, அதனால் அந்த அப்பாவுக்கு ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. பெண்ணைக் கூண்டில் ஏற்றுகிறார்கள் என்று 47 சொன்னாரே, இந்தக் கூண்டில் ஏறவேண்டியவர் அந்தப் பெண்ணின் அப்பா, கணவனுக்கு மாமனார்!

இன்னொரு விசித்திரமும் உண்டு. சோறு இல்லாததால் மட்டும் கரு நிற்பதில்லை, பழைய சீட்டுகளைக் கிழிக்காவிட்டாலும் நிற்கும். அம்மா தந்த ஆர்என்ஏ வேலை முடிந்ததும் அழிய வேண்டும், அதற்கென்று பிடிஜி4 என்ற மரபணு இருக்கிறது. அதுவும் அம்மாவுடையதுதான். அது பழுதான பெண்களின் கரு ஒரு செல்லிலேயே நிற்பதை 2020இல் எழுதினார்கள்.

டெஸ்ட் பற்றி. ரத்தம் எடுத்து மரபணுக்களில் புரதம் செய்கிற பகுதி முழுவதையும் வாசிப்பார்கள், ரிப்போர்ட் வரச் சில வாரம் ஆகும். "மாற்றம் இருக்கிறது, ஆனால் அதற்கு அர்த்தம் உறுதியில்லை" என்றும் வரலாம், அப்படி வந்தால் அதை வைத்து யாரும் உன்னிடம் முடிவு சொல்லக் கூடாது. ஒன்றும் இல்லை என்று வந்தாலும் மரபணு இல்லை என்று ஆகிவிடாது, தெரிந்த பட்டியலில் இல்லை என்றுதான் அர்த்தம். மரபணு ஆலோசகர் இல்லாமல் ரிப்போர்ட்டைக் கையில் வாங்காதே.

டோக்கன் 47:

சரி, சாமான் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மாவிடமிருந்து மட்டும் வருவது செல்லுக்கு ஆற்றல் தருகிற மைட்டோகாண்ட்ரியாதானே? அதைத்தான் சுற்றி வளைத்து இப்படிச் சொல்கிறீர்களா? அப்புறம் விந்தணு விஷயத்துக்கு யாரும் பதிலே சொல்லவில்லை.

ஈ வாத்தியார்:

இல்லை 47, தேர்வில் இதைக் குழப்பி மதிப்பெண் விட்ட பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு சின்ன டிஎன்ஏ இருக்கிறது, அது அம்மா, மகள், பேத்தி என்று பெண் வழியாகவே இறங்கிக்கொண்டு போகும். தாய் விளைவு மரபணு சாதாரணக் குரோமோசோமில் இருக்கிறது, அப்பாவிடமிருந்தும் வரும், மகனிடமும் போய் ஒளிந்திருக்கும். அது வேலை செய்கிற இடம் மட்டும்தான் தாயின் முட்டை. வழி வேறு, வேலைத்தலம் வேறு.

விந்தணு பற்றி: முட்டையைத் தட்டி எழுப்புகிற கால்சியம் அலையைக் கிளப்பும் புரதம் விந்தணுவுடையது, முதல் பிரிவுக்கு வேண்டிய சென்ட்ரியோலும் அதனுடையது. மஞ்சள் பையில் அவை இருக்கின்றன. அதில் குறை இருந்தால் பெரும்பாலும் முதல் நாளே தெரியும். அப்பாவின் டிஎன்ஏ சிதைவால் வரும் தடங்கல் அதிகமாகத் தலைகாட்டுவது அந்தப் புத்தகம் திறந்த பிறகு, மூன்றாம் நாளுக்கு அப்பால். ஆனாலும் அந்தப் பரிசோதனையைச் செய்துவிடலாம், தப்பில்லை.

மடிப்பாக்கம் மல்லி:

நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை, ஆனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. எனக்கு வேறு மாதிரி. கரு நிற்கவில்லை, ஆனால் மூன்று தடவையும் முத்துப்பிள்ளை. குழந்தை இருக்காது, நஞ்சு மட்டும் திராட்சைக் குலை மாதிரி வளரும், ஸ்கேனில் பார்த்தால் பனி பெய்கிற மாதிரி இருக்கும். மூன்று தடவையும் சுத்தம் செய்தார்கள், மூன்று தடவையும் "அடுத்த தடவை சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா விபூதி பூசிவிட்டு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார், அந்த நேரத்தில் டாக்டர்கள் சொன்னதைவிட அதுவே காரணம் மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு டாக்டர் ரத்தம் அனுப்பினார், என்எல்ஆர்பி7 என்ற மரபணுவில் இரண்டு பிரதியும் பழுது. இந்த நோய்க்கும் அதற்கும் தொடர்பு இருப்பது 2006லிருந்தே தெரியுமாம். எங்கள் அப்பா அம்மா அத்தை மகன், மாமன் மகள்.

எனக்கு அப்போது ஒரே ஒரு விஷயம்தான் ஆறுதலாக இருந்தது, கோளாறு முட்டையில், கர்ப்பப்பையில் இல்லை. தானமாக வாங்கிய முட்டையில் என் மகள் பிறந்து பதினான்கு மாதம் ஆகிறது. இப்போது கூட என் செருப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள். 2021இல் வந்த சட்டப்படி முட்டை கொடுக்கிற பெண்ணுக்கு 23இலிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. யாராவது இதற்கு மேல் வாக்குக் கொடுத்தால் எழுந்து வந்துவிடு.

இன்னொன்று, பழைய இரண்டு இடங்களிலிருந்தும் நாள் வாரியான கருப் பதிவுத் தாளையும் படங்களையும் வாங்கிவிடு. எனக்குத் தர மாட்டேன் என்றார்கள், எழுத்தில் கேட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் தந்தார்கள்.

கொரட்டூர்காரி:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் சார் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "உங்கள் கட்டுச்சோற்றைக் கட்டியது உங்கள் அம்மா, அது சரியாகத்தான் இருந்தது" என்கிற இடத்தில் இன்னொரு தடவை படி என்றாள். அப்புறம் அவளே காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் குடும்ப மரம் வரைய உட்கார்ந்துவிட்டாள். வரைந்தால் கிளை பிரிந்து போகவே இல்லை, திரும்பத் திரும்ப ஒன்றையொன்று வந்து முட்டுகிறது. அம்மாவின் அம்மா எனக்குப் பாட்டி, அப்பாவின் அக்காவானதால் அத்தையும் கூட. இத்தனை வருடம் பாட்டி என்றே கூப்பிட்டுப் பழகியதில் இது எனக்குத் தோன்றியதே இல்லை. அரக்கோணத்தில் அப்பாவின் தங்கை மகள் ஒருத்தி இருக்கிறாள், அவளுடைய அப்பா அம்மாவும் சொந்தம், பதினைந்து வருடமாகக் குழந்தை இல்லை. அவளைப் பற்றி வீட்டில் யாரும் நல்லதாகப் பேசி நான் கேட்டதில்லை. அம்மா நேற்று ராத்திரி அவளுக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் பேசினாள்.

இரண்டு சந்தேகம். அக்கா, ஊசி மருந்தை மாற்றி இன்னொரு தடவை முயன்றால் பலன் இருக்குமா? மரபணுதான் என்று வந்துவிட்டால் அதைச் சரிசெய்ய ஏதாவது இருக்கிறதா? அடுத்தது என் அண்ணன் மகள். எட்டு வயது. அண்ணன் கட்டியது எங்கள் மாமன் மகளை, அதாவது அம்மாவின் தம்பி மகளை. வாத்தியார் கணக்குப்படி பார்த்தால் அவளுக்கும் இரண்டு பிரதி சேர வழி இருக்கிறதுதானே? அவளுக்கும் இப்போதே டெஸ்ட் எடுக்கலாமா?

இன்குபேட்டர் அக்கா:

ரிப்போர்ட் வரும்வரை இன்னொரு தடவைக்குப் பணம் கட்டாதே, யார் என்ன தள்ளுபடி சொன்னாலும். டிஎல்இ6, பிஏடிஐ6 மாதிரி உறுதியாக வந்துவிட்டால் ஊசியை மாற்றி ஒன்றும் ஆகாது, மூட்டையில் இல்லாததை ஊசி கொண்டுவந்து வைக்காது. ஆய்வகத்தில் முயன்றிருக்கிறார்கள். வீ2 என்ற மரபணு பழுதானால் கருவுறுவதே நின்றுவிடும், அந்த முட்டைக்குள் நல்ல ஆர்என்ஏவைச் செலுத்திக் கருவுற வைத்திருக்கிறார்கள், 2018இல். சிகிச்சையாக அது வரவில்லை, வந்துவிட்டது என்று யாராவது விற்றால் நம்பாதே. இப்போதைக்கு இருக்கிற வழி மல்லி போன வழிதான்.

அண்ணன் மகள் கணக்கை நீ சரியாகப் போட்டிருக்கிறாய். வழி இருக்கிறது, அவ்வளவுதான், சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உனக்கு ரிப்போர்ட்டில் ஏதாவது வந்தால் அண்ணனும் அண்ணியும் விரும்பினால் பார்த்துக்கொள்ளலாம். குழந்தைக்கு இப்போது எடுக்க வேண்டாம். சேர்ந்திருந்தாலும் அவள் ஆரோக்கியத்துக்கு இதனால் ஒன்றும் வராது, எட்டு வயதில் தெரிந்து அவள் செய்வதற்கும் எதுவும் இல்லை. பெரியவளானதும் அவளிடம் சொல்லுங்கள், டெஸ்ட் எடுப்பதா வேண்டாமா என்று அவளே பார்த்துக்கொள்வாள். அரக்கோணத்து அக்காவுக்கு மட்டும் உன் ரிப்போர்ட் வந்ததும் ஒரு நகல் அனுப்பு.

கொரட்டூர்காரி:

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு ரத்தம் கொடுக்கிறேன். அம்மாவும் வருகிறாளாம், தன்னுடையதையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று நேற்றிலிருந்து நச்சரிக்கிறாள்.

இன்குபேட்டர் அக்கா:

இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டே வரச் சொல்.